பழைய விசைப்பலகையைத் தேடி: இணைய ஏலமும் இரவு உறக்கமும்

நோயிலிருந்து மீண்டுவரும் நாள்களில் உடலுக்கு முன்னரே மனம் சலித்துப் போகிறது. மருந்து வேளை தவறாமல் வருகிறது, உணவும் வருகிறது, இடையில் கிடக்கும் நீண்ட நேரத்தை என்ன செய்வது என்பதுதான் தெரிவதில்லை. கட்டிலருகே வாரக்கணக்கில் அமர்ந்திருக்கும் துணையாளர்களுக்கும் இதே நிலைதான். அந்நேரத்தைப் பலரும் இன்று கைப்பேசியில் கழிக்கின்றனர். அவ்வாறு கழிப்போரிடையே பரவிவரும் ஒரு பொழுதுபோக்கை இவ்விதழில் அறிமுகப்படுத்துகிறோம். பழைய இயந்திர விசைப்பலகைகளை, அதாவது மெக்கானிக்கல் கீபோர்டுகளை, இணைய ஏலங்களில் தேடிப் பிடிப்பதே அது. இதில் வரலாறு உண்டு, கைவேலை உண்டு, பொறுமைக்குப் பயிற்சியும் உண்டு. கவனம் தவறினால் பணமும் உறக்கமும் பறிபோகும் வழியும் உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

விரல்கள் அறிந்த ஒலி

சாத்தனூர்க் கல்மரத்தையும், அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் பதிந்த கடல் உயிர்களின் சுவடுகளையும் கண்டு வளர்ந்த நமக்குப் பழம்பொருளின் மீதான மதிப்பு புதிதன்று. தட்டச்சும் நம் பகுதிக்கு அந்நியமானதன்று. பள்ளிப் படிப்பு முடிந்ததும் 'டைப்பிங் கிளாஸ்' சேர்ந்து, 'லோயர்', 'ஹையர்' தேர்வுகளை எழுதி, அரசுப் பணிக்குக் காத்திருந்த ஒரு தலைமுறை இங்கு உண்டு. ரெமிங்டன், ஹால்டா, பேசிட், கோத்ரெஜ் ஆகிய பெயர்கள் அவர்களுக்கு உறவினர் பெயர்களைப் போலப் பழக்கமானவை. கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் தட்டச்சு எந்திரத் தயாரிப்பைத் தொடங்கி, 2009-இல் நிறுத்தியது. தமிழ் எழுத்துகளைத் தட்டச்சு எந்திரத்துக்குள் கொணர்ந்த முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் வாழ்ந்த ஆர். முத்தையா ஆவார்.

கணினி வந்தபின் அந்த ஒலி முற்றிலும் மறைந்துவிடவில்லை. வங்கி, தொடர்வண்டி முன்பதிவு நிலையம், அரசு அலுவலகம் முதலிய இடங்களில் 'டக், டக்' என உரத்து ஒலிக்கும் விசைப்பலகையைப் பலர் கேட்டிருப்பீர்கள். சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'கோல்டு' வகை விசைப்பலகையே அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. நம் அலுவலகங்களில் எளிய கருவியாகக் கருதப்பட்ட அதனுள் ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் நீலநிற விசைப்பொறிகள் இருந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் பொறிகள் அவை.

இயந்திர விசைப்பலகை என்பது யாது?

இன்று மலிவாகக் கிடைக்கும் விசைப்பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். நாளடைவில் அது தளர்ந்துவிடும். இயந்திர விசைப்பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுருள்வில்லும் பொறியும் உண்டு. செர்ரி விசைப்பொறி 5 கோடி முறை அழுத்தினாலும் தாங்கும் என்று கணக்கிட்டு உருவாக்கப்பட்டது. ஒரு விசை பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். எனவேதான் இருபது, முப்பது ஆண்டு கடந்த விசைப்பலகையும் இன்னும் உழைக்கிறது.

உலகச் சேகரிப்பாளர்கள் மிகுதியாகத் தேடுவது ஐபிஎம் நிறுவனத்தின் 'மாடல் எம்'. 1985-இல் வெளிவந்த இதன் ஒவ்வொரு விசையினுள்ளும் உள்ள சுருள்வில், அழுத்தும்போது சட்டென ஒரு பக்கம் வளைந்து ஒலி எழுப்பும். தொடக்கக் காலத்துப் பலகைகள் 2 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டவை. அடிப்பக்கச் சீட்டில் தயாரிப்பு நாள் அச்சிடப்பட்டிருக்கும். ஆதலால், தம் பிறந்த ஆண்டைச் சேர்ந்த பலகையைத் தேடி அலைவோரும் உண்டு.

தேடும் இடங்கள்

1995-இல் தொடங்கிய ஈபே தளமே இணைய ஏலங்களில் பலரும் அறிந்தது. அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. அயல்நாட்டுத் தளங்களில் ஏலம் கேட்கலாம். எனினும் அஞ்சல் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்தால் பொருளின் விலையை விஞ்சிவிடக்கூடும். பழைய மின்னணுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகளும் உள்ளன. அவற்றை விசாரிக்காமல் இறங்க வேண்டா.

அரசு நிறுவனங்கள் கழித்துக்கட்டும் பொருள்கள் எம்எஸ்டிசி போன்ற மின்னேலத் தளங்களில் குவியல் குவியலாக விற்கப்படுகின்றன. ஆனால் மின்னணுக் கழிவுகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களே பெற இயலும். தனிமனிதர் தலையிட இயலாது. நம் போன்றோருக்கு எளிய வழி, ஓஎல்எக்ஸ் போன்ற தளங்களில் வரும் உள்ளூர் விற்பனை அறிவிப்புகளும், திருச்சி, சென்னை நகரங்களின் பழைய கணினிக் கடைகளுமே. சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்லும் உறவினர் எவரேனும் இருப்பின் அவரிடம் சொல்லி வைக்கலாம்.

படத்தைக் கொண்டு அறிதல்

இந்த வேட்டையின் சுவை, விற்பவர் அறியாததை நாம் படத்தில் கண்டுகொள்வதில் இருக்கிறது. 'பழைய கீபோர்டு, ஓடுகிறதா தெரியாது' என்ற ஒற்றை வரிக்குக் கீழே அரிய பொருள் ஒளிந்திருக்கலாம். சில குறிப்புகள் தருகிறோம்.

அடிப்பக்கச் சீட்டின் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஏதேனும் ஒரு விசையின் மூடியைக் கழற்றி, உள்ளே தெரியும் தண்டின் படத்தையும் கேளுங்கள். செர்ரி வகையாயின் கூட்டல் குறி வடிவில் இருக்கும். இணைப்பு முனையைப் பாருங்கள். வட்ட முனையாயின் இன்றைய கணினிக்கு மாற்றி ஒன்று தனியே வாங்க நேரும். நம் நாட்டுப் பலகையில் ரூபாய்க் குறி பொறித்திருந்தால், அது 2010-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அக்குறி ஏற்கப்பட்டது அவ்வாண்டு ஜூலையில்தான். தேநீர்க் கறை, துரு, காணாமற்போன விசை ஆகியவற்றையும் கவனியுங்கள். நீண்ட இடைவெளி விசையின் மூடி தொலைந்திருந்தால் அதற்கு இணை கிடைப்பது கடினம்.

உறங்கியபடியே ஏலம் கேட்கலாம்

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் மையம். ஏலம் முடியும் கடைசி நிமிடங்களில் கண்விழித்திருந்து, பிறர் கேட்கக் கேட்க நாமும் ஏற்றிக்கொண்டே போனால்தான் பொருள் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அயல்நாட்டு ஏலங்கள் பல நமக்கு நள்ளிரவில் முடிகின்றன. நோயுற்ற உடலுக்கும், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் அந்த உறக்கம் மருந்துக்கு நிகரானது.

உண்மையில் கண்விழிக்கத் தேவையே இல்லை. ஈபே போன்ற தளங்களில் நாம் தர விரும்பும் உச்சத் தொகையை முன்பே பதிந்து வைக்கலாம். தளம் நமக்காக ஒவ்வொரு படியாக ஏலம் கேட்கும். ஒரு படி 50 ரூபாய் எனக் கொள்வோம். நீங்கள் 1,500 ரூபாய் எனப் பதிகிறீர்கள். உங்களுக்கு அடுத்தவரின் உச்சம் 1,100 ரூபாய். பொருள் உங்களுக்கு 1,150 ரூபாய்க்கே கிடைக்கும். வேறொருவர் 1,600 எனப் பதிந்திருந்தால் அவருக்குப் போகும். அது நீங்கள் தர விரும்பாத விலை என்பதால் இழப்பு ஏதுமில்லை. இத்தகைய ஏலத்தில் மனத்திலுள்ள உண்மை மதிப்பைச் சொல்லிவிடுவதே சிறந்த உத்தி என்பதைப் பொருளியலறிஞர் வில்லியம் விக்ரி 1961-இலேயே விளக்கினார். அவருக்கு 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே பகலில், மனம் அமைதியாக இருக்கும் வேளையில், வீட்டாரோடு கலந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அஞ்சல் கட்டணத்தையும் அதற்குள் அடக்குங்கள். மருத்துவச் செலவுக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடாதீர்கள். தொகையைப் பதிந்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். விடிந்ததும் முடிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடக்க இயலாத உந்துதல் எழுந்தால்

ஒரு முக்கியமான செய்தியைக் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கும், இரவில் கால்களில் அமைதியின்மை உண்டாகும் நோய்க்கும் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற சில மருந்துகள், சிலரிடம் சூதாடுதல், அளவுமீறிப் பொருள் வாங்குதல் போன்ற அடக்க இயலாத உந்துதல்களை உண்டாக்கக்கூடும். ஸ்டீராய்டு மருந்துகள் சிலருக்கு உறக்கத்தைக் குறைத்து, மனநிலையையும் மாற்றும்.

வாழ்நாள் முழுதும் சிக்கனமாக இருந்த பெரியவர் திடீரென நள்ளிரவில் ஏலம் கேட்கத் தொடங்கினால், வாங்கியதை மறைத்து வைத்தால், கடன் வாங்கினால், அதைக் குணக்கேடு என்று கடிந்துகொள்ளாதீர்கள். அது மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. உடனே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழியுண்டு. வெட்கம் காரணமாக இது பல வீடுகளில் சொல்லப்படாமலே போய்விடுகிறது. மருத்துவர் கேட்காவிடினும் நீங்களே சொல்ல வேண்டிய செய்தி இது.

ஏமாற்றுவோரும் உண்டு

பொருளைக் காணும் முன் முழுப்பணம் கேட்பவரையும், 'இன்னும் பத்து நிமிடத்தில் வேறொருவர் வாங்கிவிடுவார்' என அவசரப்படுத்துபவரையும் நம்பாதீர்கள். பணத்தைப் பெறுவதற்கு எவரும் ரகசிய எண்ணைப் பதிய வேண்டியதில்லை. கட்டக் குறியை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. அவ்வாறு கேட்பவர் உங்களிடமிருந்து பணத்தை எடுக்கவே முயல்கிறார். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.

பலகை வீடு வந்தபின்

பல்லாண்டு அலுவலகத்தில் கிடந்த பலகையில் தூசியும் பூஞ்சையும் கிருமிகளும் தங்கியிருக்கும். ஆஸ்துமா உள்ளோர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் ஆகியோர் அதைத் தாமே பிரிக்க வேண்டா. வீட்டில் வேறொருவர் முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் தூசி தட்டட்டும்.

முதலில் விசைகளின் வரிசையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மூடிகளை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, ஒருநாள் முழுதும் உலர விடுங்கள். பலகையின் உட்பகுதியில் நீர் படக்கூடாது. தூரிகையால் தூசியை நீக்கி, மேற்பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்கலாம். அப்போது அருகில் நெருப்பு இருக்கக்கூடாது.

கழுவி உலர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட மூடிகளை ஒவ்வொன்றாகத் தேடி அதனதன் இடத்தில் பொருத்துவது, விரல்களுக்கும் நினைவுக்கும் நல்ல வேலை. தட்டச்சு பயின்ற பெரியவர்கள் படத்தைப் பாராமலே பொருத்திவிடுவார்கள். எனினும் பக்கவாதத்துக்குப் பின் கையசைவு மீண்டுவருவோர், தம் இயன்முறை மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நன்று. மூட்டுவாதம் உள்ளோருக்கு அழுத்தமான விசைகள் வலியைக் கூட்டலாம். அவர்கள் மென்மையான விசைகள் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். கை மரத்தால் அல்லது வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இப்பலகைகளை மருத்துவமனை அறைகளுக்குக் கொண்டுவர வேண்டா. கிருமி ஒரு காரணம். ஒலி மற்றொரு காரணம். நம் காதுக்கு இனிய ஒலி, பக்கத்துக் கட்டிலில் வலியோடு கண்ணயர முயல்பவருக்கு அவ்வாறு இராது.

நோயுற்றவருக்காக எல்லா முடிவுகளையும் பிறரே எடுத்துவிடுகின்றனர்: எப்போது உண்பது, எப்போது எழுவது, எந்த ஊசி, எந்த மாத்திரை. அந்நிலையில் எந்தப் பலகையைத் தேடுவது, எவ்வளவு தருவது, எதை விட்டுவிடுவது என்னும் சிறு முடிவுகளைத் தாமே எடுப்பது அவருக்கு ஊக்கம் தரும். துணையாளர்கள் அந்த உரிமையை அவருக்கு விட்டுக்கொடுங்கள். தொகையின் வரம்பை மட்டும் இருவரும் சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். விரும்பிய பலகை இம்முறை கைதவறினாலும் கவலை வேண்டா. பழைய அலுவலகங்களின் அலமாரிகள் இன்னும் காலியாகிவிடவில்லை. வேறொன்று விற்பனைக்கு வரும். அதுவரை நன்கு உறங்கி, விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்.