பழைய பாட்டும் புதிய காட்சியும்

ஊரை விட்டு வெளியேறி வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்கள், புறப்பட்ட நாளில் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பொருள்கள் நாளடைவில் தேய்ந்து மறைந்துவிடுகின்றன. நாவில் வைத்துக் கொண்டுவந்த பாட்டுக்கள் மட்டும் தேய்வதில்லை. தில்லியிலோ மும்பையிலோ நாகபுரியிலோ, அடுப்படியில் நிற்கும்போதும் அலுவலகத்திலிருந்து திரும்பும்போதும் அவை தாமாகவே வாயில் வந்து நிற்கின்றன. அத்தகைய பாட்டு ஒன்றைத் திடீரென்று ஒரு புதிய திரைப்படத்தின் நடுவே கேட்க நேரும்போது நம் உள்ளம் ஏன் உருகுகிறது? முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு கதைக்காக இயற்றப்பட்ட பாட்டு, இன்று பிறிதொரு கதையில் வந்து பொருந்துவது எங்ஙனம்? இதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் பிறந்து வளர்ந்த மீனாட்சிபுரம், பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிக்குச் செல்லும் வழியில், இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்த ஊர். அரசாங்கப் பதிவேட்டில் அது கேரளம். ஆயினும் கடைத்தெருவிலும் வீட்டுத் திண்ணையிலும் தமிழ் தாராளமாக வழங்கும். என் இளமையில் எங்கள் தேநீர்க் கடையில் காலையில் கோவை வானொலி ஒலிக்கும். மாலையில் திருச்சூர் வானொலி ஒலிக்கும். மலையாள நண்பர் தமிழ்ப் பாட்டை முணுமுணுப்பதும், நாங்கள் மலையாளப் பாட்டைப் பாடுவதும் அங்கே வியப்புக்குரியன அல்ல. இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத்தோட்டங்களிலும் வாழும் தமிழர்களும் இவ்வாறே இரு மொழிப் பாட்டுக்களோடும் பழகியவர்கள். ஆகவே பாட்டு எல்லை கடக்கும் செய்தி எனக்குப் புதியதன்று. ஆனால் ஒரு படத்திலிருந்து மற்றொரு படத்துக்குப் பாட்டுக் கடக்கும்போது அதன் பொருள் என்ன ஆகிறது என்பதை அண்மைக் காலத்தில்தான் ஊன்றிக் கவனித்தேன்.

முதலில் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். திரைப்பாடல் பிறப்பது படத்தில். வளர்வதோ படத்துக்கு வெளியே. டாக்டர் பி. வி. கேஸ்கர் அவர்கள் 1952 ஆம் ஆண்டில் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சரான பின்னர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய இடம் மிகவும் சுருங்கியது. மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957 அக்டோபர் 3 ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பெற்ற பின்னர் அப்பாட்டுக்கள் மீண்டும் நம் நாட்டு வானொலியில் மிகுதியாக ஒலிக்கத் தொடங்கின. அடுத்து ஒலிநாடாக்கள் வந்து பேருந்துகளையும் திருமணப் பந்தல்களையும் நிறைத்தன. திரையரங்கிற் கண்ட கதை மறந்துபோன பின்னும் பாட்டுத் தனித்து நின்று, கேட்டவருடைய காதலோடும் பிரிவோடும் ஊர்ப்பயணத்தோடும் ஒட்டிக்கொண்டது. எனவே, பழைய பாட்டைப் புதிய காட்சியில் அமைக்கும் இயக்குநர் இசையை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. மக்கள் அதன்மேல் ஏற்றிவைத்த நினைவுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1942 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'காஸாபிளாங்கா' என்னும் படத்தை அறிந்தோர் அதிலுள்ள 'ஆஸ் டைம் கோஸ் பை' என்னும் பாட்டையும் அறிவர். அப்பாட்டு அப்படத்துக்காக இயற்றப்பட்டதன்று. ஹெர்மன் ஹப்ஃபெல்ட் என்பவர் 1931 இல் ஒரு மேடை இசை நாடகத்துக்கென்று இயற்றியது. கதையின் நாயகன், தான் நடத்தும் விடுதியில் அப்பாட்டை இசைக்கலாகாது என்று தடை விதித்திருக்கிறான். பிரிந்து சென்ற காதலி ஒருநாள் அங்கே வந்து அதே பாட்டை இசைக்கச் சொல்கிறாள். ஒரு மனிதன் ஒரு பாட்டைக் கேட்க அஞ்சுகிறான் என்று தெரிந்ததுமே, அவன் நெஞ்சிலுள்ள புண் நமக்குப் புலனாகிவிடுகிறது. இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேரா லின் என்னும் பாடகியார் பாடிய 'வீ வில் மீட் அகெயின்' என்ற பாட்டு, பிரிந்து செல்லும் வீரர்களுக்கும் அவர்தம் வீட்டாருக்கும் ஆறுதலாக விளங்கியது. 1964 இல் ஸ்டான்லி கூப்ரிக் எடுத்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தின் முடிவில், அணுகுண்டுகள் வரிசையாக வெடிக்கும் காட்சியின்மீது அதே பாட்டு ஒலிக்கிறது. அன்று ஆறுதலாக இருந்தது இங்கே கொடிய ஏளனமாகிவிடுகிறது.

தமிழ்ப் படங்களில் இவ்வழக்கத்தை நோக்குமிடத்து, பழைய பாட்டு மூன்று பணிகளைச் செய்யக் காண்கிறோம். காலத்தைக் காட்டுதல் ஒன்று. கதைமாந்தரின் இயல்பைக் காட்டுதல் மற்றொன்று. தன் பொருளையே புதுப்பித்துக்கொள்ளுதல் மூன்றாவது.

காலத்தைக் காட்டுவதற்கு 2008 இல் வெளிவந்த 'சுப்பிரமணியபுரம்' நல்ல சான்று. 1980 ஆம் ஆண்டு மதுரையில் நிகழும் அக்கதையில், இளைஞனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்ளும் இடத்தில், அதே 1980 இல் வெளிவந்த 'கல்லுக்குள் ஈரம்' படத்துப் பாட்டு ஒலிக்கிறது. ஆண்டைச் சொல்ல வேறு அறிவிப்பு வேண்டியதில்லை. மாந்தரின் இயல்பைக் காட்டுவதற்கு 2024 இல் வந்த 'லப்பர் பந்து' சான்றாகும். 1989 இல் 'பொன்மனச் செல்வன்' படத்தில் விஜயகாந்த் நடித்த பாட்டு, கிராமத்துக் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் மட்டையோடு களம் இறங்கும்போது ஒலிக்கிறது. நடுவயதைத் தொட்ட அம்மனிதர் இளமையில் யாரைப் போற்றினார், எத்தகைய வீறாப்பு உடையவர் என்பனவெல்லாம் அக்கணமே விளங்கிவிடுகின்றன. விஜயகாந்த் அவர்கள் 2023 டிசம்பரில் மறைந்தவர். ஆதலின் அரங்கிலிருந்தோர் கைதட்டியதில் மகிழ்ச்சியோடு அஞ்சலியும் கலந்திருந்தது.

மூன்றாவது பணியே அரியது. அதற்கு இரு சான்றுகளைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். 1991 ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில், நவம்பர் 5 ஆம் தேதி, இரண்டு தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. ஒன்று மணிரத்னம் இயக்கிய 'தளபதி'. மற்றொன்று சந்தானபாரதி இயக்கிய 'குணா'. இரண்டிற்கும் இசையமைத்தவர் திரு. இளையராஜா. 'தளபதி'யில் வரும் 'யமுனை ஆற்றிலே', 'குணா'வில் வரும் 'கண்மணி அன்போடு' ஆகிய இரு பாட்டுக்களையும் எழுதியவர் கவிஞர் வாலி. ஒரே நாளில் உலகுக்கு வந்த இவ்விரு பாட்டுக்களும் கால் நூற்றாண்டுக்குப் பின்னர் வெவ்வேறு படங்களில் மறுபிறவி எய்தின.

2018 இல் சி. பிரேம்குமார் இயக்கிய '96' படத்தில் நாயகியின் பெயர் ஜானகி. பள்ளியில் நன்றாகப் பாடுபவள். அவளை மனத்தில் வரித்த மாணவன் ராமுக்கு 'யமுனை ஆற்றிலே' கேட்க ஆசை. அவளோ வேறு பாட்டுக்களைப் பாடுவாளேயன்றி அதை மட்டும் பாடமாட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழிகின்றன. அவள் மணமாகி வெளிநாட்டில் வாழ்பவள், அவன் மணமாகாதவன். பழைய மாணவர் கூட்டத்தில் சந்தித்த இருவரும் ஓரிரவு பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. இருளில், பக்க இசை எதுவுமின்றி, அவள் அப்பாட்டைப் பாடத் தொடங்குகிறாள். அவன் தட்டுத் தடுமாறி விளக்கைத் தேடி ஓடிவருகிறான். 'தளபதி'யில் அது கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையின் ஏக்கத்தைச் சொல்லும் சிறிய பாட்டு. இங்கே காத்திருந்தவன் ஆண், காத்திருந்தது அப்பாட்டுக்காகவே. ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும் பாட்டு முழுவதும் மாறிவிட்டது. தங்கள் காதலைப் பற்றி அவர்கள் பேச இயலாதவற்றையெல்லாம் அப்பாட்டுப் பேசி முடித்துவிடுகிறது.

இனி, 'குணா'வின் பாட்டுக்கு வருவோம். மனநிலை பிறழ்ந்த குணா, தான் அபிராமி என்று நம்பும் பெண்ணுக்கு ஒரு கடிதம் சொல்கிறான். அவளே அதை எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டுகிறாள். பேச்சாகத் தொடங்குவது மெல்ல இசையாகிறது. கமல்ஹாசன் அவர்களும் எஸ். ஜானகி அவர்களும் பாடிய அப்பாட்டு, இது சாதாரண மாந்தர் அறிந்த காதலுக்கு அப்பாற்பட்டது என்று சொல்லி உயர்கிறது. அப்படம் எடுக்கப்பட்ட கொடைக்கானல் குகைக்கு வெள்ளையர் 'சாத்தானின் அடுக்களை' என்று பெயரிட்டிருந்தனர். படம் வந்தபின் அது 'குணா குகை' என்றே வழங்கலாயிற்று.

2006 இல் கொச்சிக்கு அருகிலுள்ள மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த இளைஞர் குழுவில் ஒருவர், அக்குகையின் ஆழமான பிளவில் தவறி விழுந்தார். நண்பர் ஒருவர் உயிரைப் பொருட்படுத்தாமல் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். இவ்வுண்மை நிகழ்ச்சியே 2024 பிப்ரவரியில் சிதம்பரம் இயக்கிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படமாயிற்று. அதை நான் தில்லியில் ஒரு மலையாள நண்பரோடும் என் மகளோடும் கண்டேன். மகள் தில்லியில் பிறந்தவள்; வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து அறியாள். மேலே நண்பர்கள் கயிற்றைப் பற்றி இழுக்க, குருதியும் சேறும் படிந்த இருவர் ஒருவரையொருவர் தழுவியபடி இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் கணத்தில் 'கண்மணி அன்போடு' பாட்டு எழுந்தது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. என் மலையாள நண்பர் கண்களைத் துடைத்துக்கொண்டார். மகள் என் காதருகே குனிந்து, "அப்பா, காதல் பாட்டை ஏன் இங்கே போடுகிறார்கள்?" என்று கேட்டாள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் தக்க விடை தேடிச் சொல் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே, "சரி, புரிந்துவிட்டது" என்றாள்.

அவளுக்குப் புரிந்தது இதுதான்: காதலைப் பற்றிச் சொன்ன சொற்களை அக்காட்சி நட்புக்கு உரியவையாக்கிவிட்டது. 'குணா'வில் ஒரு பித்தனின் மொழியாக இருந்தது, இங்கே கண்ணெதிரே நிகழ்ந்த உண்மையாயிற்று. ஒரு மொழியின் கருத்தை மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்லச் சொற்களை மாற்றுகிறோம். இங்கே சொல் மாறாமல், சூழல் மாறி, பொருள் கடந்து சென்றது. இதையே நல்ல மறுபயன்பாடு என்று கொள்ளலாம். கதையில் அப்பாட்டு அங்கே இருப்பதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். அது வந்தபின் பழைய பொருளோடு புதிய பொருளும் ஒன்று சேர்தல் வேண்டும். இவ்விரண்டும் இன்றி, கைதட்டல் பெறுவதற்கென்றே பழைய பாட்டைப் புகுத்தினால், அது நாம் சேர்த்துவைத்த நினைவை வீண்செலவு செய்வதேயாகும்.

எல்லைப்புறத்தாராகிய எங்களுக்கு நெருக்கமான மற்றொரு படம், லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி 2023 ஜனவரியில் வெளிவந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்'. வேளாங்கண்ணி சென்று திரும்பும் ஒரு மலையாளி, வழியில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்ச் சிற்றூருக்குள் நடந்து, அவ்வூரிலிருந்து காணாமற் போன சுந்தரமாகவே மாறிவிடுகிறார். மம்மூட்டி அவர்கள் நடித்த அப்படத்தில் பழைய தமிழ்ப் படப் பாட்டுக்களும் வசனங்களும் வானொலியிலும் தொலைக்காட்சியிலுமாக இடைவிடாது ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரே ஒரு காட்சிக்காக வந்த பாட்டன்று அது. அவ்வூரின் காற்றே அதுதான். அந்தக் காற்றை மூச்சாக இழுப்பவன் அவ்வூரான் ஆகிறான். கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதும் சிறந்த நடிகருக்கான விருதும் பெற்றது அப்படம்.

உரிமை பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். 2024 மே மாதத்தில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் தம் பாட்டு அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாகத் திரு. இளையராஜா அவர்கள் வழக்கறிஞர் வாயிலாக அறிவிப்பு அனுப்பினார். தயாரிப்பாளர் தரப்பினர், இசை நிறுவனங்களிடம் உரிமை பெற்றதாகக் கூறினர். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் செய்யப்பட்ட திருத்தம், பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்குத் தொகையைப் பாதுகாக்க முற்பட்டது. எனினும் பழைய ஒப்பந்தங்கள் பற்றிய வழக்குகள் எளிதில் தீர்வன அல்ல. பாட்டு மக்கள் நெஞ்சில் வாழ்வது உண்மையே. அதனால் அதைப் படைத்தவரின் உரிமை குறைந்துவிடாது. பிறர் பாட்டை எடுத்தாள்வோர், அதற்குரிய பெயரையும் ஊதியத்தையும் தயக்கமின்றி அளித்தலே முறை.

அன்று படம் பார்த்துத் திரும்பிய இரவு, என் மகள் அப்பாட்டின் சொற்களைச் சொல்லுமாறு கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, தனக்குத் தெரிந்த இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள். மறுநாள் அதே தாளைக் கொண்டுவந்து, "இதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். முதற் சொல்லின் நான்கு எழுத்துக்களையும் விரல் வைத்துக் கூட்டிப் படித்தாள். எத்தனையோ முறை அரிச்சுவடி வாங்கி வந்து நான் தோற்ற இடம் அது.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களே, நம் பிள்ளைகள் புதிய படங்களில் நம் பழைய பாட்டுக்களைக் கேட்கும்போது, அவை எங்கிருந்து வந்தவை, யார் எழுதியவை, முதலில் எந்தக் கதைக்குரியவை என்பவற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். பாட்டைக் காட்சி கொண்டுவந்து சேர்த்துவிடும். அதன் வரலாற்றைக் கொண்டுசேர்ப்பது நம் கடமையாகும்.