லீவில் பிள்ளைங்க சம்பாதிக்கலாமா? மாமா கடைக்கு ஓகே, பக்கத்துத் தோட்டத்துக்கு நோ! சட்டம் சொல்வது என்ன?

பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அடுத்து வரும் பேச்சு இதுதான்: "சும்மாதானே இருக்கான், ரெண்டு காசு சம்பாதிக்கட்டுமே!"

திராட்சைத் தோட்டம், பூ மார்க்கெட், வீரபாண்டி திருவிழாக் கடை, மலைக்குப் போகும் ஏலக்காய் ஜீப் என வேலைக்கு இங்கே பஞ்சமில்லை. பிள்ளைக்குப் பணத்தோட அருமை தெரியணும் என்ற நினைப்பும் நியாயமானதுதான். ஆனால் எது பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியம், எது குழந்தைத் தொழில்? கோடு எங்கே இருக்கிறது?

14 வயதுக்குக் கீழே என்றால்?

1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. லீவு நாள், அரை நாள், பிள்ளையே ஆசைப்பட்டு வந்தது என எந்தக் காரணமும் செல்லாது. பக்கத்துத் தோட்டத்தில் 12 வயதுப் பையன் கூலிக்குத் திராட்சை வெட்டினால் அது குற்றம். வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

அப்போ வீட்டுக் கடையில் நிற்கக் கூடாதா?

நிற்கலாம். பள்ளி நேரம் போக, அல்லது லீவில், குடும்பத் தொழிலில் உதவச் சட்டம் இடம் தருகிறது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி போன்ற பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் இந்தக் 'குடும்பம்' கணக்கில் வருவார்கள். ஆனால் கண்டிஷன்கள் உண்டு:

- ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.
- இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது.
- ஆபத்தான வேலை, படிப்பைக் கெடுக்கும் வேலை கூடாது.
- பெரியவர் செய்யும் வேலைக்கு மாற்றாக நிறுத்தக் கூடாது. "இன்னைக்குக் கூலி ஆள் வரல, நீ நில்லு" என்பது உதவி இல்லை.

முக்கியமாக, இது கூலி பேசிச் செய்யும் வேலையும் இல்லை. வீட்டில் தருவது கைச்செலவுக் காசாக இருக்கலாம், சம்பளமாக இருக்கக் கூடாது. திராட்சைக்கு மருந்தடிக்கும் நாளில் சொந்தத் தோட்டமே ஆனாலும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இருப்பதுதான் நல்லது.

14 முதல் 18 வரை?

இந்த வயதினர் வேலைக்குப் போகலாம். சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான ரசாயனம் போன்றவற்றுக்குத் தடை. கடை, நிறுவனங்களில் ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். ஓவர்டைம் கிடையாது, இரவு 7 முதல் காலை 8 வரை வேலையும் கிடையாது.

இதை ஏலக்காய் ஜீப்போடு வைத்துப் பாருங்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடிவதற்குள் மலையேறி, பொழுது சாயத்தான் ஊர் திரும்புகிறார்கள். தோட்டத்தின் முழு நாள் வேலை 6 மணி நேரத்துக்குள் அடங்குமா? 14 வயதுக்குக் கீழே என்றால் கேள்விக்கே இடமில்லை. எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனாலும் சட்டம் ஒன்றுதான்.

வேறு எப்படிச் சம்பாதிக்கலாம்?

முதலாளி என்று யாரும் இல்லாத வழிகள் இருக்கின்றன. வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்பது, கொல்லையில் நாற்று போட்டு விற்பது, வாழ்த்து அட்டை வரைந்து கொடுப்பது, பழைய பாடப்புத்தகங்களைக் கைமாற்றுவது. ஒரு சின்ன நோட்டில் தீவனச் செலவு ஒரு பக்கம், முட்டை வரவு மறுபக்கம் என எழுதினால், லாபம் எது, கைக்காசு எது என்பது தானாகப் புரியும்.

அந்தப் பணம் யாருடையது?

பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். அம்மாவின் ஜிபேவில் விழும் காசு மளிகைக் கடையில் கரைந்துவிடும். 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. தொகை வரம்பை அந்தந்த வங்கியே முடிவு செய்யும். தபால் நிலையத்திலும் 10 வயதில் கணக்கு தொடங்கலாம்.

சினிமா ஷூட்டிங்குக்குப் பேர்போன தேனிக்கு இன்னொரு தகவல். குழந்தை நட்சத்திரங்களுக்குச் சட்டத்தில் தனி விலக்கு உண்டு. ஆனால் அவர்கள் சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தை பெயரிலேயே வங்கியில் டெபாசிட் செய்ய வேண்டும். 18 வயதில் அது அவர்கள் கைக்கு வரும். முட்டை விற்ற காசுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. வீட்டிலேயே அந்த விதியைப் போட்டுக்கொள்ளலாமே!

லீவு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கையில் காசு பார்த்த பிறகு "இனி ஸ்கூல் எதுக்கு?" என்று கேட்டால், அந்த வேலை சம்பாதித்துக் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம். எங்காவது பிள்ளைகளை வேலைக்கு அழைத்துப் போவதைப் பார்த்தால் 1098-க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை.