வாங்க, கடாய்க்குள்ள எட்டிப் பார்ப்போம்!

சாயங்கால ஷிஃப்ட் விடும் நேரத்தில் அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் நடந்து பாருங்கள். பஜ்ஜி வாசனை கையைப் பிடித்து இழுக்கும்! ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல். வேலை விட்டு வருகிறவர்களின் பசிக்கு வண்டிக்கடைகள் இன்றும் கடாய் ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் நான் உங்களைக் கூட்டிப்போவது வண்டிக்கடைக்கு இல்லை, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கும் எங்கள் அத்தையின் அடுப்படிக்கு. அங்கே நடக்கும் வேடிக்கையே தனி!

முதலில் சட்னிதான். எண்ணெய் காய்ந்த பிறகு மிக்ஸி பக்கம் ஓட முடியாதே. தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், துளி இஞ்சி, உப்பு. பொட்டுக்கடலை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் சட்னி நீர்த்துப் பிரியாமல் கெட்டியாக நிற்கும். பஜ்ஜியில் ஒட்டிக்கொண்டு வர வேண்டுமே! மேலே கடுகு, கறிவேப்பிலை தாளிப்பு.

அடுத்து பஜ்ஜி மிளகாய். நீளமாக, வெளிர்பச்சையாக, சதைப்பற்றாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கீறி, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வைச் சுரண்டி எடுக்கிறார் அத்தை. காரம் முக்கால்வாசி அந்தச் சவ்வில்தான், விதைமேல் வீண்பழி! புளிக்கரைசலில் உப்பும் ஓமமும் குழைத்து உள்ளே தடவி, வெளியே ஈரம் போகத் துடைக்கிறார். ஈரம் இருந்தால் மாவு வழுக்கி ஓடிவிடும்.

கடலை மாவு ஒரு கப், மொறுமொறுப்புக்கு அரிசி மாவு இரண்டு ஸ்பூன், மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. “தண்ணியக் கொட்டிடாதடா, கொஞ்சம் கொஞ்சமா விடு!” தோசை மாவு பதத்துக்கு வந்ததும் நிறுத்தியாச்சு.

இப்போதுதான் திருவிழா! ஒரு சொட்டு மாவு விடுகிறார். அடியில் தங்காமல் உடனே மேலே வந்தால் எண்ணெய் தயார், ஏறக்குறைய 175 டிகிரி. மிளகாய் இறங்கியதும் என்ன ஆர்ப்பாட்டம்! அந்தக் குமிழிகள் எல்லாம் மாவிலும் மிளகாயிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பாய்ந்து வருவதுதான். ஆவி வெளியே தள்ளும்வரை எண்ணெய் உள்ளே புக முடியாது. சத்தம் அடங்க ஆரம்பித்தால் எடுத்துவிடணும். அத்தை கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறார். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெய் சூடு இறங்கி, பஜ்ஜி தொளதொளத்துப்போகும்.

எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே போவது எப்போது தெரியுமா? வெளியே எடுத்த பிறகு! ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை உறிஞ்சிவிடும். அதனால்தான் அத்தை ஜல்லிக்கரண்டியைக் கடாய்க்கு மேலேயே பிடித்து நன்றாக உதறுகிறார்.

முதல் கடி. சுள்ளென்று ஏறுகிறதா? தண்ணீர்ச் செம்பைத் தேடாதீர்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தேங்காய்ச் சட்னியில் கொழுப்புக்கா பஞ்சம்? தாராளமாகத் தோய்த்து அடுத்த கடி கடியுங்கள், நாக்கு தணியும். என்ன ஒரு ஜோடிப் பொருத்தம்!

மாவு மிச்சமா? வெங்காய வட்டம், வாழைக்காய் சீவல், எது கிடைத்தாலும் முக்கிப் போடுங்கள். சட்னி தீர்வதற்குள்!