மூன்றாவது பெட்டிக்கு யார் காசு தருவது?

கிளிநொச்சி ஸ்கந்தபுரத்தில் ஒரு பொடியன், மண் காய்ந்தால் தானாகவே மோட்டரைப் போடும் பெட்டி ஒன்றை மிளகாய்த் தோட்டத்துக்குச் செய்யப் புறப்படுகிறான் என்று வையுங்கள். முதற் பெட்டி மேசையில் அழகாக வேலை செய்யும். மண்ணில் குத்திய மலிவான ஈரப்பத உணரியின் தடங்கள் சில கிழமைகளில் மின்பகுப்பால் அரித்துப்போகும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மண் காய்ந்திருக்கிறது என்றே அது சொல்லும். அதைச் சரிக்கட்டினால் அடுத்த வில்லங்கம். மோட்டர் தொடங்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கம்பி நீண்ட தோட்டப்பக்கத்தில் வோல்ற்றேஜ் விழுந்து, பெட்டிக்குள் இருக்கும் சிப் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டாவது பெட்டி அதற்கு. மூன்றாவது, மழைக்கும் எறும்புக்கும்.

செலவு கூடுவது இங்கேதான். சீனாவில் அச்சடிக்கும் சேர்கிட் பலகைகள் ஐந்துக்குச் சில டொலர்தான். கூரியர் கட்டணம் அதைவிடக் கூட. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, இப்படித் திட்டம் போட்டவர்களின் கணக்கெல்லாம் தலைகீழானது. பலகை வரும்வரை காத்திருக்கும் நாட்களுக்கு எவரும் பில் போடுவதில்லை. அந்த நாட்களிலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வன்னிக்குக் கைவேலை புதிதல்ல. ஆனால் ஒன்றை ஓடவைப்பது வேறு, அதையே நூறு செய்து விற்பது வேறு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் சுவப்னில் ஜெயினும் 2013இல் ஏதர் என்ற மின்ஸ்கூட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது 2018இல். அந்த ஐந்து வருடமும் ஆய்வுகூடமும் முதலீட்டாளரும் பின்னால் நின்றார்கள்.

இங்கே போட்டிகளும் உதவித்தொகைகளும் பெரும்பாலும் முதற் பெட்டியோடு கைகழுவி விடுகின்றன. பரிசளிப்புப் படத்துக்கு அது போதும்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதன் அளவீட்டுக் கருவிகளை மாதத்தில் சில மாலைகள் வெளியாருக்கும் திறந்துவிட்டால், மோட்டர்க் கோளாறைக் கண்டுபிடிக்க எடுக்கும் நாட்கள் குறையும். மழைக்கும் எறும்புக்கும் தாங்கும் உறை செய்ய, நல்ல வெல்டிங் கடைக்காரர் ஒருவரின் நேரத்துக்கும் காசு ஒதுக்க வேண்டும்.

எந்தத் திட்ட அறிக்கையிலும் வராத செலவு இன்னொன்று உண்டு. சோதித்துப் பார்க்கத் தோட்டம் தருபவர் கமக்காரர். பூக்கிற நேரத்தில் பெட்டி மக்கர் பண்ணினால் வாடுவது அவருடைய மிளகாய். அந்த நட்டத்துக்கு முற்கூட்டியே ஒரு தொகை எழுதி வைக்காமல், ‘அண்ணை, உங்கட தோட்டத்திலை ஒருக்காப் பூட்டிப் பார்ப்பமோ?’ என்று எந்த முகத்தோடு கேட்பது?