கிழிந்த டொலரும் கறைபட்ட தாளும்

பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, அப்புத்தளை என்று ஊவாவின் எந்தப் பக்கம் போனாலும், மத்திய கிழக்குக்குப் போய்வந்த பெண்ணொருவர் இல்லாத லயத்தைக் காண்பது கடினம். போரில் கணவரை இழந்து, குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் வடகிழக்குச் சகோதரிகள் பலரும் இதே வழியில்தான் விமானம் ஏறினார்கள். 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

போகும்போது கடன், ஏஜென்ட், கடவுச்சீட்டு என்று எவ்வளவோ விசாரிக்கிறோம். திரும்பி வரும்போது கையில் கொண்டுவரும் காசுத்தாளைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

ஒரு சகோதரியின் அனுபவம்

பசறைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர், கடைசி மாதங்களின் சம்பளத்தை நூறு டொலர் தாள்களாகக் கொண்டு வந்தார். அவற்றில் மூன்று தாள்கள் பழுது. ஒன்றின் ஓரம் கிழிந்திருந்தது. மற்ற இரண்டிலும் சிறிய மை முத்திரை குத்தப்பட்டிருந்தது. நாணயம் மாற்றும் இடத்தில் “இவை செல்லாது. வேண்டுமென்றால் நூற்றுக்குப் பத்துக் குறைத்து எடுக்கிறோம்” என்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், அவர் இழந்தது 9,000 ரூபா. மலையேறிக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஒரு வாரச் சம்பளத்தை அண்டிய தொகை அது.

அந்தத் தாள்கள் உண்மையில் செல்லாதவையா? இல்லை. அமெரிக்கா 1861இலிருந்து வெளியிட்ட தாள்கள் எல்லாம் அந்த நாட்டில் இன்றும் செல்லும். பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும் சேதமடைந்த தாளுக்கும் அந்நாட்டு அரசு முழுப் பெறுமதி தருகிறது. மை முத்திரையோ, பல நாடுகளில் நாணய மாற்றுநர்கள் தாம் சரிபார்த்ததற்கு அடையாளமாகக் குத்துவது. ஆனால் பதுளையிலோ கொழும்பிலோ உள்ள கடைக்காரரை அதை எடுக்கும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் அதை வேறொருவருக்கு விற்க வேண்டும். அங்கே மறுத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. வங்கிகளும் இதே காரணத்தால் மறுப்பதுண்டு. 1996க்கு முந்திய, சிறிய தலை அச்சிட்ட நூறு டொலர் தாளுக்கும் இதே கதிதான்.

ஒரு நாட்டின் தாளுக்குப் பொறுப்பு அந்த நாடுதான். அந்த நாட்டுக்கு வெளியே, பழுதான தாளை வைத்திருப்பவரே நட்டத்தைச் சுமக்கிறார். ஆகவே தாளை வாங்கும் இடத்திலேயே பார்த்து வாங்க வேண்டும்.

தாள்களுக்கும் காலம் முடியும்

போர் மனிதரை மட்டுமல்ல, கையிலுள்ள காசையும் தாக்கும். 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, அங்கே மத்திய வங்கியிலிருந்த தாள்களும் கொள்ளையிடப்பட்டன. விடுதலைக்குப் பின் 1991 மார்ச்சில் குவைத் புதிய தாள்களை வெளியிட்டுப் பழையவற்றை விலக்கிக்கொண்டது. திருடப்பட்ட தாள்களின் இலக்கங்களும் இரத்துச் செய்யப்பட்டன.

அமைதிக் காலத்திலும் இது நடக்கிறது. 2014இல் குவைத் மீண்டும் புதிய தாள்களை வெளியிட்டது. அதற்கு முந்திய வரிசைத் தாள்களை மாற்றும் இறுதித் தவணை 2025 ஏப்ரல் 18உடன் முடிந்துவிட்டது. இந்தியாவில் 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவோடு பழைய 500, 1,000 ரூபாத் தாள்கள் செல்லாமல் போயின. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பெட்டிகளில் அவை கிடந்தால், இன்று அவற்றை மாற்ற வழியில்லை. “பிறகு பார்ப்போம்” என்று வெளிநாட்டுத் தாளைப் பெட்டியடியில் வைப்பது சேமிப்பு அல்ல.

நம் நாட்டுத் தாள் பழுதானால்

இங்கே நிலைமை வேறு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. இப்படியான அனர்த்தங்களில் சேற்றில் ஊறிய தாள், கறையான் அரித்த தாள், நெருப்பில் கருகிய தாள் எதையும் வீசிவிட வேண்டாம். பழசாகிக் கிழிந்த தாள்களை வர்த்தக வங்கியில் மாற்றலாம். கடுமையாகச் சேதமடைந்தவற்றை இலங்கை மத்திய வங்கியின் நாணயத் திணைக்களம் பரிசோதித்து, எஞ்சியுள்ள அளவைப் பார்த்துப் பெறுமதியைத் தீர்மானிக்கும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது. துண்டுகளை ஒரு உறையில் ஒன்றாக வைத்துக் கொண்டுபோங்கள்.

ஆனால் வேண்டுமென்றே எழுதிய, கீறிய, வெட்டிய, முத்திரை குத்திய தாள்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். அத்தகைய தாள்களை மாற்றிக்கொள்ள மத்திய வங்கி முதலில் 2017 டிசம்பர் 31 என்று தவணை கொடுத்தது. அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. சீட்டுக் கணக்கையும் தொலைபேசி இலக்கத்தையும் காசுத்தாளில் எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதை இன்றே விட்டுவிடுவோம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கவனிக்க

• சம்பளத்தை முடிந்தவரை வங்கி மூலம் அனுப்புங்கள். வங்கிக் கணக்கில் வரும் காசு கிழிவதுமில்லை, கறைபடுவதுமில்லை.

• கையில் வாங்கினால், கொடுத்தவர் முன்னாலேயே ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பாருங்கள். கிழிசல், மை, முத்திரை, ஒட்டுத்தாள் இருந்தால் அப்போதே மாற்றித் தரும்படி கேளுங்கள். அது உங்கள் உழைப்பு. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

• அந்த நாட்டுப் பழுதான தாளை, அந்த நாட்டு வங்கியிலேயே மாற்றிவிட்டு விமானம் ஏறுங்கள்.

• தாள்களைச் சிறிதாக மடித்து உடைக்குள் தைக்காதீர்கள். வியர்வையும் மடிப்பும் தாளைக் கெடுக்கும். நேராக, உலர்ந்த உறையில் வையுங்கள்.

• இங்கே மாற்றும்போது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற இடம்தானா என்று பார்த்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரு இடத்தில் மறுத்தால் அல்லது குறைத்துக் கேட்டால் உடனே கொடுத்துவிடாமல், இன்னும் இரண்டு இடங்களில் விசாரியுங்கள்.

• வங்கியோடு பிரச்சினை ஏற்பட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கும், வெளிநாட்டில் சம்பளப் பிரச்சினை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சகோதரிகளே, “படிக்காதவள், அவளுக்கு என்ன தெரியும்” என்ற எண்ணத்தில்தான் பழுதான தாள் நம் கையில் திணிக்கப்படுகிறது. பிறகு அதே எண்ணத்தில்தான் அது குறைந்த விலைக்குக் கேட்கப்படுகிறது. பிள்ளைகளைப் பிரிந்து உழைத்த காசு அது. அடுத்த முறை உங்கள் லயத்திலிருந்தோ கிராமத்திலிருந்தோ ஒரு பெண் புறப்படும்போது, அவளுடைய பயணப் பைக்குள் இந்தச் செய்தியையும் வைத்து அனுப்புங்கள்.