படகில் போவதும் படகில் வருவதும்



நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குக் குறிகட்டுவான் ஜெட்டியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை தாண்டிப் புங்குடுதீவுக் கரைக்கு வந்தால் ரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான்.

படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே சாமான் ஏற்றி இறக்குவதைக் கவனித்துப் பாருங்கள். போகிற படகில் அரிசி, மா, சீனி, சீமெந்து, எண்ணெய். வருகிற படகில் மீன், நண்டு, கருவாடு. தீவில் விளையாததை வாங்கக் காசு வேண்டும். அந்தக் காசு, வெளியே போகிற சாமானால் வர வேண்டும். இல்லாவிட்டால் வெளியூரில் உழைக்கிற பிள்ளைகள் அனுப்ப வேண்டும். புங்குடுதீவார் கொழும்பிலும் பிற பட்டணங்களிலும் கடை வைத்ததும், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து கனடா, சுவிஸ் வரை போனவர்கள் ஊருக்குக் காசு அனுப்புவதும் இதனால்தான்.

நம் இலங்கையும் ஒரு தீவு. அதன் கணக்கும் இதே கணக்குத்தான். பெட்ரோல், டீசல், மருந்து, கோதுமை, உரம் எல்லாம் கப்பலில் வருகின்றன. அவற்றை நம் ரூபாவுக்குத் தரமாட்டார்கள், டொலர் கேட்பார்கள். 2024இல் நாடு வாங்கிய சாமான் சுமார் 1880 கோடி டொலர். விற்ற சாமான் சுமார் 1280 கோடி டொலர். துண்டு விழுந்தது 600 கோடி. வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பிய 657 கோடி டொலரும், உல்லாசப் பயணிகளால் வந்த 300 கோடிக்கு மேற்பட்ட டொலரும்தான் அந்தப் பள்ளத்தை நிரப்பின. மத்திய கிழக்கில் வீட்டுவேலை பார்க்கும் நம் பெண்பிள்ளைகளின் உழைப்பும் இதில் அடக்கம். தேயிலை மட்டும் அந்த வருஷம் 140 கோடி டொலருக்கு மேல் கொண்டுவந்தது. நீங்கள் பறிக்கும் கொழுந்துதான் கப்பலில் போய் எண்ணெயாகத் திரும்பி வருகிறது.

அப்படியிருக்க 2022இல் ஏன் நாடு விழுந்தது என்று கேட்பீர்கள். கடைக்கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு மேல் கடனில் சாமான் எடுத்து, அந்தக் கடனை அடைக்க நகையை அடகு வைத்து, வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கினால் ஒரு நாள் கடைக்காரர் கொப்பியை மூடிவிடுவார். நாட்டுக்கும் அதுவே நடந்தது. வரியைக் குறைத்தார்கள். கொரோனாவால் உல்லாசப் பயணிகள் வரவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியையும் நிறுத்தினார்கள். சில மாதங்களில் தடை நீங்கினாலும் செடி அதற்குள் வாடிவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை, 2022இல் 25 கோடி கிலோவாகக் குறைந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது.

அந்த ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. இங்கே லயத்தில் அடுப்பு அணைந்தது. அங்கே தீவுப்பகுதி மீனவரின் படகு கரையில் கிடந்தது. நாம் மலையில், அவர்கள் கடலில். ஆனால் அடி ஒன்றுதான்.

இப்போது "நாடு வளர்கிறது" என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அது பொய்யல்ல. ஆனால் கணக்கை விளங்கிக்கொள்ள வேண்டும். 2021இல் நாட்டின் மொத்த உழைப்பு 100 என்று வையுங்கள். 2022இல் 7.3 வீதமும் 2023இல் 2.3 வீதமும் விழுந்து அது 91க்குள் வந்துவிட்டது. 2024இல் 5 வீதம் வளர்ந்தும் 95தான். பள்ளத்தில் விழுந்தவன் ஏறி வந்தான், 2024இல் மேட்டுக்கு வந்துவிடவில்லை என்பதே அர்த்தம்.

விலைவாசியும் அப்படித்தான். ஏற்றம் நின்றது என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. 100 ரூபாவிலிருந்து 190க்கு ஏறிய சாமான் அந்த 190இலேயே நிற்கிறது. நாட்சம்பளமோ 2021இல் 1000 ரூபா, 2024 செப்டம்பரில் 1350. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானபோது சம்பளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு தரும் 200 ரூபாவும் முன்மொழியப்பட்டன. நெருக்கடிக்கு முன்பே, 2019 கணக்கெடுப்பில், நாட்டில் நூற்றுக்கு 14 பேர் வறுமையில் இருந்தபோது தோட்டங்களில் நூற்றுக்கு 33 பேருக்கு மேல் இருந்தார்கள். வளர்ச்சி தானாக லயத்து வாசலுக்கு வராது. கேட்டு வாங்க வேண்டும்.

முன்னாலுள்ள சவால்கள் சிறியவையல்ல. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டொலர் திட்டத்துக்கு இணங்கியது. ஆனால் 2028 முதல் பழைய கடனைத் திரும்பக் கட்டும் சுமை ஏறுகிறது. 2025 நவம்பர் டித்வா புயலில் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மண்சரிவு மலையகத்தை எப்படி அடித்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அதற்கும் அந்தத் தீவுகளையே பார்க்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் டீசல் எஞ்சின்தான் கரண்ட் கொடுத்து வந்தது. அங்கே வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்க, இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. வெயில் 1700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், சேமித்து வைக்கப் பற்றரி. வெயிலும் காற்றும் கப்பலில் வர வேண்டியதில்லை. வாங்குவதைக் குறைப்பது ஒரு வழி. விற்பதை நல்ல விலைக்கு விற்பது மற்ற வழி. தேயிலையைச் சாக்கில் அனுப்பாமல் பக்கற்றிலும் பையிலும் அடைத்து அனுப்பினால் அதே கொழுந்துக்குக் கூடுதல் டொலர் வரும். அந்த வேலையும் நம் பிள்ளைகளுக்கே கிடைக்கலாம்.

நாம் செய்யக்கூடியது என்ன? செக்ரோலில் உங்கள் பேரையும் கிலோவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதிக் கணக்கைச் சரிபாருங்கள். கடைக் கொப்பி சம்பளத்தைத் தாண்ட விடாதீர்கள். முக்கியமாக, பிள்ளையைச் சாதாரண தரத்தோடு நிறுத்தி வேலைக்கு அனுப்பாதீர்கள். நாடு மேட்டுக்கு வரும்போது தொழில் தெரிந்த பிள்ளைக்குத்தான் முதலில் இடம் கிடைக்கும்.

அடுத்த முறை அம்மனிடம் போகும்போது குறிகட்டுவானில் கொஞ்சம் நின்று, போகிற படகையும் வருகிற படகையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாட்டுக் கணக்கு அவர்களுக்கு அங்கேயே விளங்கும்.