வெற்றியணியிற் புகும் புதியோர்

விளையாட்டு வீரர் ஓரணியினின்று மற்றோரணிக்கு மாற்றப்படுதல் இக்காலத்து வழக்கு. பலகால் வாகை சூடிய அணியிற் புகுவோர்க்கு ஓரிடர் உண்டு. ஆங்கு ஒவ்வோரிடத்திற்கும் உரியவர் முன்னரே உளர். கோட்டூர்புரவாசிகளாகிய யாம் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை; சேப்பாக்கத்தைத் தாயகமாகக் கொண்ட சென்னை சூப்பர் கிங்ஸ் அணியே சாலும்.

ராபின் உத்தப்பா 2014-ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட்டுப் பந்தயத்திற் கொல்கத்தா அணிக்காக 660 ஓட்டங்கள் எடுத்து, மட்டையாளருள் முதல்வராய் நின்றவர். 2021 ஜனவரியில் ராஜஸ்தான் அணியினின்று சென்னை அணிக்கு மாற்றப்பெற்றார். மும்முறை கோப்பை வென்றிருந்த அவ்வணியில் முதற் பன்னிரண்டு ஆட்டங்களிலும் அவருக்கு இடங் கிடைத்திலது. சுரேஷ் ரெய்னா முழங்காலிற் காயமுற்ற பின்னரே மூன்றாமவராக ஆடும் பணி அவர்பால் வந்தது. முதலிரண்டு ஆட்டங்களில் அவர் எடுத்தவை 19, 2 ஓட்டங்களே. எனினும் தலைவர் தோனி அவரை நீக்கினாரல்லர். அக்டோபர் 10-ஆம் நாள் தில்லி அணிக்கெதிரே 44 பந்துகளில் 63 ஓட்டங்கள் எடுத்தார். 15-ஆம் நாள் இறுதியாட்டத்தில், தம் பழைய கொல்கத்தா அணிக்கெதிரே 15 பந்துகளில் 31 எடுத்தார். சென்னை 27 ஓட்டங்களால் வென்று நான்காம் கோப்பையைப் பெற்றது.

ஈண்டு உணரற்பாலன இரண்டு. புதியவர் பழம்புகழ் பாராட்டாது, வாய்த்த இடத்தைத் தமதாக்கிக்கொள்ளல் வேண்டும். அணியும் அவர்க்குரிய பணியைத் தெளிவுறுத்தி, இரண்டொரு தளர்ச்சி கண்டு கைவிடாதிருத்தல் வேண்டும். ஐவர்க்கு ஒரு பந்தேயுள்ள கூடைப்பந்தாட்டத்தில் இவ்விரண்டும் இன்னும் இன்றியமையாதன. பிற கல்லூரிகளினின்று வந்து நம் அணிகளிற் சேர்வோரும், அவரை ஏற்கும் நாமும் இதனை நினைவிற்கொள்வோமாக.